பெங்களூரிலிருந்து ஒரகடத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண்ணைப் பார்த்தால் அதை அப்படியே நம்பிவிடும் வியாதி எனக்கு இருபத்திரண்டு வயதில் இருந்தது. இப்போது முழுவதும் குணமாகிவிட்டது. குணப்படுத்திய மருந்து, பதினோரு கிலோ எடையுள்ள ஓர் இரும்புத் துண்டு.

2011ஆம் ஆண்டு. சென்னையை அடுத்த ஒரகடத்தில், கார்களுக்கு டேஷ்போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையின் பிளானிங் பிரிவில் டிரெயினியாக இருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். பிரிவில் நான் ஒருத்திதான் பெண். டிரெயினிகளை நிரந்தரமாக்குவதா, ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவதா என்று அந்த மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள். அதற்குள் எப்படியாவது ஒரு பெரிய காரியத்தைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். காரியம்தான் கிடைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதுவும் கிடைத்தது.

பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் பெரிய அச்சுக்குள் 'கோர்' என்று ஓர் எஃகுத் துண்டு இருக்கும். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் நுழையும் ஓட்டை அதனால்தான் விழுகிறது. அது உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று செய்துதர பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறை இருந்தது. இரவோடு இரவாகச் செய்து மறுநாள் காலை கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே செய்து வைத்திருந்த டேஷ்போர்டுகள் மறுநாள் மாலை நான்கு மணி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கார் கம்பெனியில் வண்டிகளை உருவாக்கும் லைன் நின்றுவிடும். (லைன் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எல்லோருமே சாவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்துவார்கள்.)

எங்கள் மேனேஜர் ராகவன் சார் அவசரக் கூட்டம் போட்டார். கம்பெனி வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனுக்குச் சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கும் சேரப்பணஞ்சேரி. எல்லோரையும் மரியாதையாக 'மேடம்', 'சார்' என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தையிலேயே 'நீ' என்று முடிப்பார்.

"உடைஞ்ச பீஸை எடுத்துட்டு இப்பவே வேன் கிளம்பணும். நாளைக்குப் புதுசை வாங்கிட்டு வரணும். திரும்பி வர எத்தனை மணி நேரம் ஆகும், ஏழுமலை?"

"பீன்யாலேர்ந்து நம்ம கேட்டுக்கு நல்லா வந்தா ஆறு, ஆறரை சார். எவனாச்சும் லாரிய குறுக்க நிறுத்திக்கினு நின்னான்னா பேஜாரு."

நான் கையைத் தூக்கினேன். கூட்டத்துக்கு வருமுன் ஐந்து நிமிடம் இன்டர்நெட்டில் தேடியிருந்தேன். இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் அவற்றின் விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று சொல்லும் வெப்சைட் அது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, மார்க்கர் பேனாவால் மஞ்சள் பூசிக் கையில் வைத்திருந்தேன்.

"சார், வரும்போது பிளேன்ல கொண்டு வந்தா ஐம்பத்தஞ்சே நிமிஷம்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாராட்டும் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏர்போர்ட் ஊருக்கு வெளிய இருக்கேம்மா. அங்க போகணும், இங்க வந்து இறங்கணும்..."

"எல்லாத்தையும் கணக்குப் போட்டுட்டேன் சார்." (போடவில்லை.) "பெங்களூர்ல எங்க சித்தி இருக்காங்க. ராத்திரி தங்கிக்கிறேன். நானே போயி நானே கொண்டு வரேன். பன்னெண்டரைக்கெல்லாம் பீஸ் இங்க இருக்கும்."

ராகவன் சார் அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. "நீ பொறுப்பு எடுத்துக்கறியா, முத்துலட்சுமி?" என்றார். அந்த வார்த்தைக்காகத்தானே ஒரு வருஷமாகக் காத்திருந்தேன்! தலையை ஆட்டிய வேகத்தில் ஹேர்பின் கழன்று விழுந்தது.

அம்மாவுக்கு போன் செய்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் விமானத்தை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

"பிளேன்லயா? ஏத்தா, ஜன்னலோரமாக் கேட்டு வாங்கிக்க. நம்ம வீடு தெரியுதான்னு பாரு."

"அம்மா, அது பெங்களூர்லருந்து மெட்ராசுக்கு. நம்ம ஊர் வழி வராது."

"மேலருந்து பாத்தா எல்லா ஊரும் தெரியும்லடி?"

அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தகவல் போய்விட்டது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கம்பெனி எனக்காக பிளேன் அனுப்பப்போவதாக ஒரு கிளைச் செய்தியும் உலவியிருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை வாசலில் நின்றோம். முந்தின நாள் வேனில் ஒன்றாக வந்து, இரவு நான் சித்தி வீட்டிலும் அண்ணன் வேனிலேயும் தூங்கியிருந்தோம். பட்டறைக்காரர் நல்ல மனிதர். மெஷினை ஓடவிட்டதோடு ஓடவிட்டதாக ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைத்திருந்தார். துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, கயிறு கட்டி இரண்டு பொட்டலம். நுனி கூராக, அடி பெருத்து, நடுவில் நான்கு பக்கமும் இறக்கை போன்ற தகடுகள். அது வேறு எதுபோலவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது கோர், அவ்வளவுதான்.

"மேடம், நான் சொல்றத கேளு. ரெண்டையும் வண்டில போடு, நீயும் ஏறிக்கோ. ரெண்டரைக்கு கேட்டாண்ட நிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நான் பன்னெண்டரைக்கே நிப்பேண்ணே."

"சரி, ஒண்ண மட்டுமாச்சும் என்னாண்ட குடு. வண்டி சும்மாதானே போவுது."

பெருந்தன்மையாக ஒரு பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். "இது ஸ்பேர். பதறாம, மெதுவா வாங்க" என்று புத்திமதியும் சொன்னேன். நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

விமான நிலையம் பெங்களூரின் இன்னொரு கோடியில், கிட்டத்தட்ட வேறு ஊரில் இருந்தது. அண்ணன் என்னை அங்கே இறக்கிவிட்டபோது மணி ஒன்பது இருபது. விமானம் பத்து நாற்பதுக்கு. பொட்டலம் இருந்த ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். பதினோரு கிலோவால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. ஆனாலும் முகத்தில் அடிக்கடி பறப்பவள்போல ஒரு சலிப்பை வைத்துக்கொண்டேன்.

கவுன்ட்டர் பெண் பையைத் தூக்க முயன்று, முடியாமல், "இதைக் கையில் கொண்டுபோக முடியாது, சரக்கோடு போட்டுவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். போட்டேன். கை வீசி நடந்தபோது, இந்த வசதி இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு பெயர் கேட்டது. "மிஸ் முட்டு லக்ஸ்மி." யாரோ பாவம் என்று நினைத்தேன். மூன்றாம் முறைதான் அந்தப் பாவம் நான் என்று புரிந்தது. விமானத்தில் முதல்முறை வருகிறவர்களை வரவேற்பார்கள்போல என்று எண்ணிக்கொண்டு (ஆமாம், உண்மையாகவே அப்படி எண்ணினேன்) தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனேன்.

அழைத்துப்போன அறையில் என் பை மேஜைமேல் இருந்தது. மேஜையிலிருந்து பத்தடி தள்ளிப் பாதுகாப்பு அதிகாரிகள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்துத் திரையில் என் பையின் எக்ஸ்ரே படம். கூரான நுனி, பெருத்த அடி, நான்கு இறக்கை. அப்போதுதான் அது எதுபோல இருக்கிறது என்று எனக்கும் புரிந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு பிளேன் ஏறப் போன மகள் குண்டோடு பிடிபட்டாள் என்ற செய்தி கோவில்பட்டிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"யே க்யா ஹை?" என்று பையைக் காட்டிக் கேட்டார் பெரிய மீசைக்காரர் ஒருவர்.

எனக்கு இந்தியில் மூன்று வார்த்தை தெரியும். அவற்றில் எதுவும் பிளாஸ்டிக் மோல்டிங் பற்றியதல்ல. ஆங்கிலத்தில், "கோர். மோல்ட். டேஷ்போர்ட்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. விடுவேனா? இரண்டு உள்ளங்கைகளையும் அச்சுபோல அகல விரித்து, 'ஸ்ஸ்ஸ்' என்று பிளாஸ்டிக் பாயும் சத்தம் கொடுத்து, 'டப்' என்று மூடி, குளிரும் நேரத்துக்குக் கொஞ்சம் காத்திருந்து, மெல்லத் திறந்தேன். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஸ்டீயரிங்கைப் பிடித்து அறைக்குள் கொஞ்ச தூரம் கார் ஓட்டிக் காட்டினேன்.

மீசைக்காரர் நிதானமாகப் பார்த்தார். பிறகு வெளியே போய் இன்னொரு அதிகாரியை அழைத்து வந்து, கையால் 'மறுபடி' என்று சைகை செய்தார். மறுபடி காட்டினேன். மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவருக்கும் காட்டினேன். அவர் மட்டும், "காருக்கு என்ன கலர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோதுதான், அவர்களுக்கு விஷயம் முதலிலேயே புரிந்துவிட்டது என்று தெரிந்தது. பட்டறை கொடுத்த சீல் வைத்த டெலிவரி சலானைப் பார்த்து எழுதிக்கொண்டு, சிரித்த முகத்தோடு என்னை அனுப்பினார்கள்.

ஓடினேன். கதவை மூடப்போகும் கடைசி நொடியில் ஏறினேன். ஜன்னலோரம்! அப்போது ஏழுமலை அண்ணனின் போன்.

"மேடம், கோலார் வந்துட்டேன். நீ எங்க கீற?"

"பிளேன்ல உக்காந்துட்டேண்ணே. ஐம்பத்தஞ்சே நிமிஷம்!"

உண்மையில் அந்தப் பயணம் அழகாக இருந்தது. கொடுத்த தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்காமல் ஊருக்குக் காட்டப் பத்திரப்படுத்தினேன். இறங்கும் நேரம் கீழே பெரிய ஏரி மின்னியது. செம்பரம்பாக்கம்தான். இந்தப் பக்கம் தகரக் கூரைகள் வரிசை வரிசையாக வந்தன. நீலக் கூரை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எங்கள் தொழிற்சாலை! கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். விமானம் என் தொழிற்சாலைக்கு நேர் மேலே பறந்து, அதைத் தாண்டி, சென்னையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இறங்கி நான் இதே தூரம் திரும்பி வர வேண்டுமே என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும் மணி பார்த்தேன். கிளம்பியதிலிருந்து சரியாக ஐம்பத்தைந்து நிமிடம். வெப்சைட் பொய் சொல்லவில்லை.

பைகள் வரும் பட்டை சுற்றியது. சிவப்புப் பெட்டி வந்தது, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வந்தது, ஒரு பலாப்பழம்கூட வந்தது. கடைசியில் பட்டை மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

விமானக் கம்பெனியின் கவுன்ட்டருக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"உங்க பையை செக் பண்ணி முடிக்க லேட்டாயிடுச்சுங்க. அது பெங்களூர்லயே இருக்கு. அடுத்த ஃபிளைட்ல வரும்."

"அடுத்த ஃபிளைட் எப்போ?"

"ரெண்டே காலுக்குக் கிளம்பும். மூணே காலுக்கு வரும்."

மஞ்சள் பூசிய தாளை எடுத்து அவள் முன் விரித்தேன். "இதுல ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே!"

அவள் தாளைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துட்டீங்களே மேடம்" என்றாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

ராகவன் சாருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "நீ கிளம்பி வந்துடும்மா. பை வரும்போது வேற ஆளை விட்டு எடுத்துக்கலாம். ஏழுமலைகிட்ட ஒண்ணு இருக்கில்ல?"

"இல்ல சார். நான் பொறுப்பு எடுத்தேன். கையில பீஸ் இல்லாம வர மாட்டேன்."

வெறுங்கையோடு அந்த கேட்டுக்குள் நுழைவதைவிட ஏர்போர்ட்டிலேயே குடித்தனம் நடத்தலாம் என்றிருந்தது. அந்தப் பட்டைக்கு எதிரேயே உட்கார்ந்தேன். இடையில் அம்மா மூன்று முறை அழைத்தாள். "எறங்கிட்டியா?", "எறங்கிட்டேன்மா." "எங்க இருக்க?", "ஏர்போர்ட்ல." "இன்னுமா? அம்புட்டுப் பெரிசாவா இருக்கு ஏர்போர்ட்டு?"

அண்ணனும் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் குத்திக்காட்டுவதற்கல்ல. நான் பதறுவேன் என்று ஆறுதல் சொல்லத்தான். ஆனால் ஒவ்வோர் ஆறுதலிலும் ஓர் ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. "சித்தூர்ல டீ குடிச்சினு கீறேன், நீ சாப்ட்டியா?" "ராணிப்பேட்ட தாண்டியாச்சு மேடம், பை வந்துச்சா?" "காஞ்சிபுரம் பைபாஸ். கவலப்படாத, வந்துரும்."

மூன்று இருபதுக்கு வந்த அழைப்பில் அவர் குரல் தயங்கியது.

"மேடம்... நான் உள்ள வந்துட்டேன். பீச குடுத்துட்டேன். மாட்டிகினு கீறாங்க."

லைன் நிற்காது. மகிழ்ச்சியில் கண் கலங்கியதா, வேறு எதிலாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதே நிமிடம் என் எதிரே பட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. முதல் பையாக என் ரெக்சின் பை ராஜா மாதிரி வந்தது.

யாருக்கும் தேவையில்லாத அந்தப் பதினோரு கிலோவைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினேன். தாம்பரத்தில் நின்றோம். முடிச்சூரில் ஊர்ந்தோம். படப்பையில் ஒரு கல்யாண ஊர்வலம் முழுதாகக் கடந்துபோகும்வரை காத்திருந்தோம். ஒரகடத்தில் தொழிற்சாலை கேட்டில் நான் இறங்கியபோது சரியாக ஐந்து மணி.

உள்ளே ராகவன் சார் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். மெஷின் டேஷ்போர்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை அண்ணன் ஓடிவந்து பையைத் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சார், அவசரமான பீச மேடம் என்னாண்ட குடுத்து அனுப்பிச்சுது. இது ஸ்பேர். அதான் பொறுமையா எடுத்துகினு வருது. நல்ல பிளானு சார்."

எனக்காக அத்தனை பேர் முன்னால் அவர் பொய் சொல்கிறார். ராகவன் சார் என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கவுன்ட்டர் பெண்ணின் முன்னால் தாளை விரித்தபோதே எனக்குள் எதுவோ அறுந்திருந்தது.

"இல்ல சார். அவசரமானதைத்தான் நான் கொண்டு வந்தேன். அண்ணன் கேட்டதால ஒண்ணை அவர்கிட்ட கொடுத்தேன். அவர் கேக்கலைன்னா லைன் நின்னிருக்கும். கணக்குப் போட்டுட்டேன்னு சொன்னேன்ல, போடலை."

அண்ணன், 'இந்தப் பொண்ணு பிழைக்காது' என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ராகவன் சார் கையை நீட்டினார். மஞ்சள் பூசிய தாளைக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி, பேனாவும் கொடுத்து, "இப்ப போடு" என்றார். பட்டறை வாசலில் காலை எட்டு, கம்பெனி கேட்டில் மாலை ஐந்து. ஒன்பது மணி நேரம் என்று எழுதினேன். "வேன்?" ஏழு மணி இருபது நிமிடம். "அதுல உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்த நேரம்?" ஒரு மணி நேரத்துக்கும் மேலே. அதையும் எழுதினேன். அவர் சிரிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைலருந்து நம்ம டிராவல் ஃபாரத்துல ரெண்டு கட்டம் போடு. ஏர்போர்ட்லருந்து ஏர்போர்ட் எவ்வளவு நேரம்னு ஒண்ணு. நம்ம கேட்லருந்து அவங்க கேட் எவ்வளவு நேரம்னு ஒண்ணு. ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். காரணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு கட்டம் போட்ட ஃபாரம் அதற்குப் பிறகு நான் அங்கிருந்த வரைக்கும் மாறவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ரெண்டாவது கட்டம் எதற்கு என்று கேட்பார்கள். பிரிவு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும். நான் எழுந்து நின்று, கார் ஓட்டுவது உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். மற்றவர்கள் சொல்லித் திரிவதற்கு நானே சொல்லிவிடுவது நல்லதல்லவா?

பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் முதலில் என்னைப் பார்க்க வந்தார். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். எனக்கு இடுப்புவலி எடுத்து ஆட்டோவில் ஏறியபோது, "பயப்படாதீங்க, ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம்தான்" என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். அந்த நிலைமையிலும் மனிதர், "அது எந்தக் கட்டம்?" என்று கேட்டார். வலியை மறந்து அவரை அடித்தேன்.

ஆனால் இந்தக் கதையை ஊரில் சொல்லும் உரிமை முழுக்க என் அம்மாவிடம்தான் இருக்கிறது. கோர், லைன், கட்டம் எதுவும் அவள் கதையில் வராது. எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது விமானத்தில் போனதாகப் பேச்சு வந்தால் போதும், அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவாள்.

"எல்லாரும் ஒரு பிளேன்லதான் வருவாக. எம் மக வந்தப்ப, அவளுக்கு ஒரு பிளேனு, அவ பைக்குத் தனியா ஒரு பிளேனு!"